பலாலியில் இருந்து திருச்சி எவ்வளவு தூரம்?

இணையத்தில் இதைத் தட்டிப் பார்த்தால் உடனே விடை வரும். நேர்கோட்டில் சுமார் 185 கிலோமீற்றர். விமானத்தில் ஒரு மணித்தியாலம். இதைப் படித்துவிட்டு “ஆகா, கூப்பிடு தூரம்தானே!” என்று பூரிக்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பலாலியில் விமானம் இல்லாத நாளில் இந்தக் கணக்கு என்ன ஆகும்? யாழ்ப்பாணத்தார் இரவு பஸ் ஏறித் தெற்கே கட்டுநாயக்காவுக்கு 350 கிலோமீற்றருக்கு மேல் போகவேண்டும். அங்கே மூன்று மணித்தியாலம் காத்திருந்து, திரும்பவும் வடக்கே 400 கிலோமீற்றருக்கு மேல் பறக்கவேண்டும். 185 கிலோமீற்றரில் இருக்கும் ஊருக்குப் போக 750 கிலோமீற்றருக்கு மேல் பயணம்! முழங்கால் நோவோடு வைத்தியம் பார்க்கப் போகும் எங்கள் வயதுக்காரருக்கு ஒரு பகலும் ஓர் இரவும் இதிலேயே போய்விடும்.

இது புதுப்பாதையும் அல்ல. 1947 டிசம்பரில் எயர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையில் இருந்து சென்னைக்குப் போனபோது, காங்கேசன்துறை வழியாகத்தான் போனது. டக்கோட்டா விமானக் காலத்திலேயே முடிந்த காரியம் இது. பிறகு பல பத்தாண்டுகள் வழி அடைபட்டுக் கிடந்தது. 2019 ஒக்டோபரில் பலாலியைச் சர்வதேச விமானநிலையமாகத் திறந்தார்கள். சில மாதங்களில் கொரோனா வந்து மூடியது. அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கட்டுநாயக்கா 2021 ஜனவரியில் உல்லாசப் பயணிகளுக்குத் திறந்துவிட்டது. பலாலிக்கு விமானம் திரும்பி வந்ததோ 2022 டிசம்பரில். கிருமி இரண்டு இடத்திலும் ஒன்றுதானே? திருச்சிக்கு நேரடிச் சேவை தொடங்க 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

“சனம் ஏறாவிட்டால் விமானம் எப்படி ஓடும்?” என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன்: அடுத்த மாதம் ஓடுமோ ஓடாதோ என்று தெரியாத சேவையை நம்பி யார் கலியாணத்துக்கு நாள் வைப்பார்கள்? யார் வைத்தியரிடம் நேரம் எடுப்பார்கள்? தேர்த்திருவிழாவுக்கு வரும் உறவினருக்கு எதை நம்பி வழி சொல்வது? பஸ் ஓடாத தெருவில் நின்றுகொண்டு, இங்கே பயணிகளே இல்லை என்று சொல்வது போன்ற நியாயம் இது. முதலில் சேவை நிலைக்கவேண்டும், பிறகுதான் சனம் சேரும்.

இன்னொன்று. விமானநிலையம் வரைக்கும் வாகனம் பிடிக்கும் செலவு, பொதிக்கு விதிக்கும் நிறை அளவு, சீட்டுக் கட்டணம், இதெல்லாம் சேர்ந்ததுதான் பயணத்தின் உண்மையான தூரம். இவற்றைக் கணக்கில் எடுக்காமல் “ஒரு மணித்தியாலம்” என்று மேடையில் சொல்வது சனத்தை ஏமாற்றும் பேச்சு.

ஆகவே, அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவர் பலாலியைப் பற்றிப் பெருமையாகப் பேசினால், தேத்தண்ணி கொடுத்து இருத்தி மூன்று கேள்வி கேளுங்கள். விமானம் கிழமையில் எத்தனை நாள்? எத்தனை மணிக்கு? எத்தனை வருடத்துக்கு நிச்சயம்? மூன்றுக்கும் விடை வரும்வரை எழும்ப விடாதீர்கள்.