முதல் உழவு இயந்திரம்: வாங்குமுன் சற்று நில்லுங்கள்

காலபோக அறுவடை முடிந்து, நெல்லும் விற்று, கையில் நாலு காசு புழங்கும் பங்குனி, சித்திரை மாதங்களில் எமது கிராமங்களில் வழக்கமாக எழும் பேச்சு ஒன்று உண்டு. "அடுத்த போகத்துக்குக் கூலி மிஷினுக்குப் பின்னால் திரிய ஏலாது, சொந்தமாக ஒன்று எடுக்க வேணும்" என்பதே அது. இந்தப் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் எல்லோருக்கும் ஒரே கிழமையில் உழவு வேண்டும். ஐந்து ஏக்கர்காரனின் முறை வரும்போது ஐம்பது ஏக்கர்காரனின் வயல் முளைத்து நிற்கும். ஆகவே சொந்த இயந்திரம் வேண்டும் என்று ஆசைப்படுகிறவரை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் முதன்முதலாக, அதுவும் பாவித்த இயந்திரம் ஒன்றை வாங்குகிறவர்கள் எதைப் பார்க்க வேண்டுமோ அதைப் பார்க்காமல், நிறத்தையும் விலையையும் மட்டும் பார்க்கிறார்கள் என்பதே எனது ஆதங்கம்.

கட்டுக்கரைக் குளத்தின் கீழ் ஐந்து ஏக்கர் செய்யும் இளம் குடும்பத்தவர் ஒருவர் அண்மையில் என்னிடம் வந்தார். ஜப்பானிலிருந்து வந்த சிறிய நான்கு சக்கர உழவு இயந்திரம் ஒன்றைப் பேசி வைத்திருப்பதாகவும், மறுநாள் முற்பணம் கொடுக்கப் போவதாகவும் சொன்னார். மனைவியின் தாலிக்கொடியும் தாயாரின் காப்பும் அடகுக்குப் போக, மிகுதி லீசிங். "ஒருக்கா வந்து பாருங்கோ பாதர்" என்றார். நான் மெக்கானிக் அல்லன். எனவே எமது ஊர்க் கராச்சில் வேலை செய்யும் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போனேன்.

இயந்திரம் புது மணப்பெண் போல நின்றது. செம்மஞ்சள் நிறப் பூச்சு மின்னியது. ஜப்பானிய எழுத்துகள் கூட அழிக்கப்படாமல் அப்படியே இருந்தன. அதுவே ஒரு சிபார்சு. "ஜப்பான் சாமான் தம்பி, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்" என்றார் விற்பவர். மெக்கானிக் ஒன்றும் பேசாமல் போனற்றைத் திறந்து இஞ்சின்மேல் புறங்கையை வைத்தார். சூடாக இருந்தது. "அண்ணை, இதை இப்பதான் ஓட்டி நிப்பாட்டியிருக்கு. ஆறட்டும், இருந்து பார்ப்பம்" என்றார். விற்பவருக்கு முகம் கொஞ்சம் மாறியது. இரண்டரை மணி நேரம் புளிய மரத்தின் கீழ் இருந்தோம். பிறகு ஸ்ராட் பண்ணியபோது நாலாம் முறையில்தான் பிடித்தது. பிடித்ததும் நீலப் புகை, அது நெடுநேரம் நிற்கவில்லை. ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அதற்குள்ளிருந்தும் புகை வந்தது. இஞ்சின் ஒயிலை எரிக்கிறது, ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்துவிட்டன என்பதற்கு இவற்றைவிடச் சாட்சி தேவையில்லை. பூச்சு மட்டுமே புதிது.

பாவித்த இயந்திரத்தை ஆறிய நிலையில் பார்க்காதவர் அதைப் பார்க்கவே இல்லை என்பேன். வருவதற்கு முன் ஸ்ராட் பண்ண வேண்டாம் என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். போய் முதலில் கை வைத்துப் பாருங்கள். தொடங்கும்போது சிறிது புகை எந்த டீசல் இஞ்சினுக்கும் உண்டு. சூடேறிய பின்னும் நீலமாக வருவதே தேய்மானம். வெள்ளையாக நின்று வந்தால் டீசல் சரியாக எரியவில்லை அல்லது தண்ணீர் உள்ளே போகிறது. ஒயில் பால் கலந்தது போல இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது கிளச். பிறேக்கை அழுத்திப் பிடித்து, பெரிய கியரில் போட்டு, கிளச்சை மெல்ல விடுங்கள். இஞ்சின் திணறி நிற்க வேண்டும். நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தால் கிளச் வழுக்குகிறது. கிளச் தட்டின் விலை பெரிதல்ல. ஆனால் அதை மாற்ற இயந்திரத்தை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். கூலியும் நாளும் அங்கேதான் போகின்றன. பின்பு றொட்டவேற்றரை உயர்த்தி, இஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு தேநீர் குடியுங்கள். குடித்து முடிக்குமுன் அது நிலத்தைத் தொட்டிருந்தால் லிஃப்ற்றின் சீல்கள் போய்விட்டன.

எமது பகுதியில் வயல் உழுத இயந்திரங்களில் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பார்க்க வேண்டியது முன் சக்கரப் பகுதி. சிறிய ஜப்பானிய இயந்திரங்களில் பல நான்கு சக்கரமும் இழுப்பவை. சேற்று உழவில் முன் அச்சு சேற்றுக்குள்ளேயே ஓடுகிறது. சீல் தேய்ந்ததும் சேற்று நீர் உள்ளே போய்ப் பற்சக்கரங்களைத் தின்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது. முன் அச்சின் ஒயில் ஆணியைச் சற்றுத் தளர்த்தி என்ன வடிகிறது என்று பாருங்கள். தண்ணீரோ இரும்புத் தூளோ வந்தால் திருத்தச் செலவை விலையிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். "ஆணியில் கை வைக்க வேண்டாம்" என்று சொல்லும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

மணி காட்டும் மீற்றரை நான் நம்புவதில்லை. அதை மாற்றலாம். கிளச் மிதியின் இறப்பர், பெட்டி கொழுவும் துவாரம், றொட்டவேற்றரைச் சுழற்றும் தண்டின் பற்கள் ஆகியவற்றை யாரும் மாற்றி வைப்பது குறைவு. அந்தத் துவாரம் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் அந்த இயந்திரம் வயலில் உழுததைவிட வீதியில் மண்ணும் கல்லும் இழுத்ததே அதிகம்.

சரி, இயந்திரம் நல்லதாகவே இருக்கட்டும். அது உங்களுக்குத் தேவையா என்பது வேறு கேள்வி. அந்தத் தம்பியுடன் புளிய மரத்தின் கீழ் இருந்தபோது நாம் போட்ட கணக்கு இது. பதினைந்து குதிரை வலுவுள்ள இயந்திரம், நான்கடி அகல றொட்டவேற்றருடன், ஒரு ஏக்கரை ஒருமுறை சுழற்ற இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் எடுக்கும். ஐந்து ஏக்கர், இரண்டு சுற்று: அதிகம் போனால் 25 மணி. சிறுபோகமும் முழுதாகச் செய்தால் வருடத்துக்கு 50 மணி. குளத்து நீரைப் பொறுத்துச் சிறுபோகக் காணி குறைவதும் எமக்குத் தெரியும். ஆக, நாளுக்கு எட்டு மணிப்படி ஆறு நாள் வேலை! மிகுதி 359 நாளும் அது கொட்டிலில் நிற்கும்; லீசிங் தவணை நிற்காது. தவணை மாதாமாதம் வரும், நெல் வருடத்துக்கு இரண்டு தடவைதான் வரும். போகத்துக்கு ஒருமுறை கட்டும் ஒழுங்கு உண்டா என்று கேளுங்கள். கேட்காமல் எவரும் தாமாகச் சொல்லப் போவதில்லை.

ஆகவே கூலிக்கு ஓடித்தான் அந்தக் கடனை அடைக்க வேண்டும். கூலிக்கு ஓடும் காலமும் அதே இரண்டு மூன்று கிழமைகள்தான். அந்த நாட்களில் இயந்திரம் காலை முதல் இரவு வரை ஓட வேண்டும். பழைய இயந்திரம் உடைவதும் அப்போதுதான். கொட்டிலில் நிற்கும்போது எந்த இயந்திரமும் உடைவதில்லையே! எனவே நான் வற்புறுத்திச் சொல்வது இதுதான்: கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கை முதலாவது திருத்த வேலைக்கென்று ஒதுக்கிவிட்டு, மிகுதிக்குள் அடங்கும் இயந்திரத்தைத் தேடுங்கள். அப்படித் தேடினால் கிடைப்பது அழகு குறைந்ததாக இருக்கும். இருக்கட்டும். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவை எண்ணிப் பார்ப்பதைப் பற்றி நற்செய்தியில் வரும் உவமையை ஞாயிறுகளில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். இயந்திரம் வாங்கும் நாளில் அது நினைவுக்கு வருவதில்லை.

எந்த வகை என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான் உண்டு. உங்கள் ஊர் மெக்கானிக் முன்பு கழற்றிப் பூட்டிய வகை. மசி பேர்கசன் 135 இங்கிலாந்தில் 1964 முதல் எழுபதுகளின் நடுப்பகுதி வரை செய்யப்பட்டது. அரை நூற்றாண்டு கழிந்தும் எமது வீதிகளில் ஓடுகிறது. அதன் மூன்று சிலிண்டர் இஞ்சினைத் தெரியாத மெக்கானிக் வன்னியில் இல்லை. சென்னையில் செய்யப்பட்ட டாஃபே இயந்திரங்களின் பாகங்களிற் பலவும் அதற்குப் பொருந்தும். மறுபுறம், குபோட்டா, யன்மார், இசெக்கி, மிற்சுபிஷி ஆகிய நல்ல பெயர்களிலே வரும் சிறிய பாவித்த இயந்திரங்களிற் பல, ஜப்பானின் சொந்தச் சந்தைக்கென்று மட்டும் செய்யப்பட்டவை. இஞ்சின் அருமையானதுதான். ஆனால் அதே நிறுவனம் வெளிநாடுகளுக்குச் செய்த வகைகளின் பாகங்கள் இவற்றுக்குப் பொருந்தும் என்று எண்ணிவிட முடியாது. வாங்குமுன் இலக்கத்தை எழுதிக்கொண்டு பாகம் விற்கும் கடைக்குப் போய், கிளச் தட்டும் முன் அச்சுச் சீலும் இருக்கிறதா, இல்லையென்றால் எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். இரண்டு கிழமை என்று சொன்னால் விதைப்பு முடிந்துவிடும்.

மண்ணையும் மறக்க வேண்டாம். யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டத்துக்கும் வாழைத் தோட்டத்துக்கும் பதினைந்து குதிரை வலு தாராளம். மசியின் எடையில் பாதியளவே உள்ள இச்சிறிய இயந்திரம் மென்மையான சேற்றில் புதையாமலும் சிறிய வரம்புகளை அதிகம் உடைக்காமலும் போகும். ஆனால் முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களி வேறு பிறவி. ஒரு காலத்தில் காங்கேசன்துறைச் சீமெந்துக்குக் கொண்டு போன களி அல்லவா அது! காய்ந்தால் கல், நனைந்தால் பசை. அதில் புழுதி உழவு செய்ய நினைத்துச் சிறிய இயந்திரம் வாங்கியவர் கடைசியில் பெரிய இயந்திரத்தைக் கூலிக்குப் பிடிக்க வேண்டி வரும். ஐந்து ஏக்கருக்குள் செய்பவர்களிற் பலருக்கு நல்ல நிலையிலுள்ள லான்ட்மாஸ்ரர் ஒன்றே போதும் என்பது எனது கருத்து. அந்த இரு சக்கர இயந்திரத்தை ஐம்பதுகளில் வடிவமைத்த எமது நாட்டுப் பொறியியலாளர் ரே விஜேவர்தனவே பின்னாளில், எருமையின் வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்ததால் விவசாயி உண்மையில் என்ன பெற்றான் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டவர். 2022 இல் டீசலுக்காக வரிசையில் நின்ற நாட்களில் அவரை நான் நினைத்ததுண்டு.

இனிப் பத்திரங்கள். பெயர் மாற்றாமல், திகதியிடாத கையொப்பத்துடன் நாலு கைமாறிய வாகனங்கள் எமது பகுதியில் ஏராளம். பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயர் யாருடையது, லீசிங் நிறுவனத்தின் பெயர் நீக்கப்பட்டுள்ளதா, இஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் இயந்திரத்தில் வெட்டியுள்ளவற்றோடு ஒத்துப் போகின்றனவா என்று நீங்களே வாசித்துப் பாருங்கள். பெட்டியின் பதிவையும் தனியே பாருங்கள். வன்னியில் வாங்குகிறவர்களுக்கு இதில் சட்டத்துக்கு மேலான ஒரு கடமையும் உண்டு. 2009 இல் முல்லைத்தீவுக் கரையோரத்தில் மக்கள் உழவு இயந்திரங்களையும் பெட்டிகளையும் அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளைகளை மட்டும் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். அவற்றுள் சில உரியவர்களிடம் திரும்பின. சில பழைய இரும்பாகின. சில கழற்றப்பட்டுப் பாகம் பாகமாகக் கைமாறின. இலக்கம் ராவப்பட்ட இயந்திரத்தை மலிவு என்று வாங்கும்போது அது எந்தக் குடும்பத்தின் முதலாவது உழவு இயந்திரமாக இருந்தது என்று ஒரு கணம் யோசிக்கத்தான் வேண்டும்.

கூட்டாக வாங்கலாமே என்று சிலர் கேட்பார்கள். எமது விவசாயக் குழுக்களிலும் இதைச் சொல்லி வந்திருக்கிறோம். இப்போது எனக்கு அதில் முன்பிருந்த உற்சாகம் இல்லை. மூன்று குடும்பங்கள் பணம் போடுவது இலகு. முதல் மழைக்குப் பின் யாருடைய வயல் முதலில் என்பதும், உடைந்தால் ஓட்டியவர் கட்டுவதா எல்லோரும் கட்டுவதா என்பதும் முன்கூட்டியே எழுதப்படாவிட்டால், அண்ணன் தம்பிகளும் பேசாமல் போய்விடுகிறார்கள். எழுதிக் கையொப்பம் வைத்த பின் வாங்குங்கள். எழுத வெட்கப்படுகிறவர்கள் கூட்டுச் சேர வேண்டாம்.

ஓட்டுநர் அனுமதிப்பத்திரத்தில் உழவு இயந்திரத்துக்குரிய வகுப்பு இல்லாமல் வீதிக்கு இறங்குவதும், பிள்ளைகளை மட்காட்டில் இருத்திக்கொண்டு வரம்பு ஏறுவதும் பற்றித் தனியே எழுத வேண்டும். சிறிய இயந்திரம் என்பதால் கவிழும்போது நசுக்காது என்று எவரும் எண்ண வேண்டாம்.

அந்தத் தம்பி அன்று முற்பணம் கொடுக்கவில்லை. நாலு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. இப்போது நானாட்டான் பக்கத்தில் பழைய மசி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். பூச்சு உரிந்தது, கிளச் வழுக்குகிறது என்று விற்பவரே ஒப்புக்கொண்டு விலையில் குறைத்திருக்கிறார். இம்முறை மெக்கானிக்கைத் தாமே அழைத்துப் போயிருக்கிறார். புத்தகத்தில் உள்ள பெயர் வெளிநாட்டில் இருக்கும் ஒருவருடையது. அவருடைய கையொப்பம் வந்து சேரும் வரை ஒரு சதமும் கொடுப்பதில்லை என்று இருக்கிறார். ஐப்பசிக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன.