எச்சரிக்கை தமிழில் வரட்டுமே!

மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரிலிருந்து வங்கிக் கணக்கிலேயே வருகிறது. காய்கறித் தள்ளுவண்டியில்கூட கியூ.ஆர். அட்டை தொங்குகிறது. பணம் நம் கைபேசிக்குள் வந்ததில் சந்தோஷம்தான். ஆனால் அதைக் காக்க வேண்டிய எச்சரிக்கை எந்த மொழியில் வருகிறது? பெரும்பாலும் ஆங்கிலத்தில்!

'இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று ஓ.டி.பி.யோடு சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாத பெண்மணி என்ன செய்வார்? பக்கத்து வீட்டுப் பையனிடம் போனை நீட்டி, "என்னன்னு பாருப்பா" என்பார். ரகசியம் அங்கேயே போச்சு! மோசடிக்காரனோ, "அக்கா, உங்க கார்டு பிளாக் ஆகப்போகுது" என்று அழகாகத் தமிழில் பேசுகிறான். புரிகிற மொழியில் பேசுகிறவனைத்தானே மனசு நம்பும்?

ஏ.டி.எம். மெஷினில் தமிழ் இருக்கிறது. குறுஞ்செய்தியில் மட்டும் ஏன் முடியாது? கணக்குத் தொடங்கும்போதே எந்த மொழி வேண்டும் என்று கேட்டுவிடலாமே!

அதுவரை தோழிகளே, நாம்தான் உஷாராக இருக்க வேண்டும். யு.பி.ஐ.யில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. கேட்டால், அது நம் பணத்தை எடுக்கத்தான். எந்த வங்கியும் போனில் ஓ.டி.பி. கேட்காது. 'டிஜிட்டல் கைது' என்று சட்டத்தில் ஒன்றுமே கிடையாது. ஏமாந்துவிட்டால் அழுதுகொண்டு உட்காராமல், உடனே 1930-க்குப் போன் போடுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை நிறுத்திவைக்க வழியுண்டு.

அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது, 'செய்தியைத் தமிழில் அனுப்புங்கள்' என்று ஆளுக்கொரு கடிதம் எழுதிக் கொடுப்போம். நாம் கேட்காமல் யார் தருவார்கள்?

– ஒரு இல்லத்தரசி, திண்டுக்கல்.