காதல் வந்தால் எடையும் வருமா?

காதல் வந்தால் பசிக்காது, தூக்கம் வராது என்று சினிமாவில் காட்டுகிறார்கள். நன்னிலம் பக்கம் நிலவரமே வேறு. காதலிக்க ஆரம்பித்த ஆறாவது மாதம் பையனுக்குச் சட்டை பட்டன் இழுக்கிறது. பெண்ணுக்குப் பழைய சுடிதாரைப் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கிறது. கல்யாணமும் ஆகிவிட்டால் கேட்கவே வேண்டாம். "சந்தோஷமா இருக்காங்க, அதான் பூசினாப்ல ஆயிட்டாங்க" என்று ஊரே சர்டிபிகேட் கொடுத்துவிடும்!

கேலியாகத் தெரிந்தாலும் இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் புதிதாகக் கல்யாணமான 169 ஜோடிகளை நான்கு வருடம் கவனித்து, 2013இல் ஓர் ஆய்வு வெளியானது. மணவாழ்க்கையில் திருப்தியாக இருந்தவர்களுக்குத்தான் எடை அதிகம் ஏறியிருந்தது. "இனி யாரையும் கவர வேண்டியதில்லை" என்ற நிம்மதி வந்துவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம்.

நம்மூருக்கு அந்த விளக்கம் பாதிதான் பொருந்தும். மீதிப் பாதிக்குக் காரணம், இடம். நன்னிலத்தில் ஒரு பையனும் பெண்ணும் அரை மணி நேரம் பேச எங்கே போவார்கள்? ஆற்றங்கரையில் சேர்ந்து நடந்தால், அவர்கள் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். எதிரே வருகிறவர் எல்லாம் யாருக்காவது மாமா, யாருக்காவது சித்தப்பா! அதனால் திருவாரூருக்கோ கும்பகோணத்துக்கோ பஸ் ஏறுகிறார்கள். அங்கேயும் உட்கார இடம் என்றால் பேக்கரி, இல்லாவிட்டால் ஹோட்டல். ஒரு டீயை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார முடியுமா? சப்ளையர் இரண்டு தடவை வந்து "வேற என்ன வேணும்?" என்பார். உடனே பப்ஸ், ரோஸ்மில்க், அப்புறம் ஐஸ்கிரீம். காமர்ஸ் பாஷையில் சொன்னால் அந்த பப்ஸ் சாப்பாட்டுச் செலவு இல்லை, நாற்காலிக்கு வாடகை. பசிக்காமலே சாப்பிடுகிறார்கள்.

கல்யாணம் ஆனதும் வாடகை போய் மரியாதை வந்துவிடுகிறது. மறுவீட்டு விருந்து, அத்தை வீட்டு விருந்து, சித்தப்பா வீட்டு விருந்து என்று வரிசை கட்டும். "இன்னும் ஒரு கரண்டி" என்னும்போது இலையை மறைத்தால் "எங்க வீட்டுச் சாப்பாடு பிடிக்கலையா?" என்று முகம் வாடும். நெல் விளைகிற ஊரில் சோறு வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. நாளெல்லாம் குனிந்து நாற்று நட்ட தலைமுறைக்கு அந்தச் சோறு தேவையாகவும் இருந்தது. இன்று நடவுக்கும் மெஷின், அறுப்புக்கும் மெஷின், கடைத்தெருவுக்குப் போக பைக். உழைப்பு குறைந்துவிட்டது, இலையில் விழும் சோறு குறையவில்லை.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. தினமும் தேவைக்கு மேல் வெறும் 100 கலோரி சேர்ந்தால் வருடத்துக்கு 36,500. தாளில் போட்டால் நாலரைக் கிலோவுக்கு மேல் வருகிறது. உடம்பு கொஞ்சம் ஈடு கட்டிக்கொள்ளும் என்பதால் அவ்வளவும் ஏறாது. ஆனாலும் கூட்டு வட்டி மாதிரி, ஆரம்பத்தில் கண்ணுக்கே தெரியாது.

"கொஞ்சம் பூசினால் என்ன தப்பு?" என்று கேட்கலாம். அழகுக்காகச் சொல்வதென்றால் இந்தப் பேச்சே தேவையில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் அதிக எடை உள்ள பெண்கள் 2015-16இல் 30.9 சதவீதம். 2019-21இல் அது 40.4 சதவீதம். ஆண்களில் 28.2 சதவீதம் 37 ஆனது. எடை கூடினால் சர்க்கரை நோய்க்கான ஆபத்தும் கூடும். கல்யாணமான புதிதில் ஏறும் எடையோடு பெண் கர்ப்பமானால், கர்ப்ப கால சர்க்கரைக்கும் வாய்ப்பு அதிகம். அது தாய்க்கும் பிள்ளைக்கும் பின்னால் தொல்லை தரக்கூடியது.

இதில் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. விருந்து இருவருக்கும், பேச்சு மட்டும் பெண்ணுக்கு! பெண் பார்க்க வரும்வரை பட்டினி கிட, தாலி ஏறியதும் தின்னு, அதற்கப்புறம் "ஏன் குண்டாயிட்ட?" என்று கேட்பது என்ன நியாயம்? காதலனே கேட்டாலும் அது அக்கறை ஆகாது. அப்படிக் கேட்டதால் யாரும் இளைத்ததில்லை. ஒளிந்து சாப்பிடத்தான் பழகுவார்கள்.

சரி, என்னதான் செய்வது?

1. சந்திப்பையும் சாப்பாட்டையும் பிரித்து வையுங்கள். திருவாரூர் கமலாலயம் குளம் சுமார் 33 ஏக்கர். ஒரு சுற்று வந்தால் ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. பேசி முடிக்கும்போது இரண்டு சுற்று ஆகியிருக்கும், பைசா செலவில்லை.

2. பேக்கரிதான் கதி என்றால் ஒன்று வாங்கி இருவரும் பாதிப் பாதி சாப்பிடுங்கள். சர்க்கரை குறைத்த டீயே போதும்.

3. விருந்துக்குப் போனால் பாயசம் வேண்டாம் என்று ஒருவர் தனியாகச் சொல்லாமல், இருவரும் சேர்ந்தே சொல்லுங்கள். பழி பங்காகும்.

4. மாப்பிள்ளைச் சம்பா மாதிரி சிவப்பரிசி நல்லதுதான். ஆனால் அதையும் மலை மாதிரி குவித்தால் எடை ஏறத்தான் செய்யும்.

5. எடை மெஷின் இல்லையா? ஒரு டேப் போதும். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு எல்லை ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80.

கடைசியாக ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் ஆற்றங்கரையில் நடந்தால் கண்ணை உருட்டுகிறீர்கள். பேக்கரியில் மறைந்து உட்கார்ந்தால் உங்களுக்குத் தெரிவதே இல்லை. பத்து பேர் பார்க்கிற வெளிச்சத்தில் நடப்பவர்களால் குடும்ப மானம் எப்படிப் போகும்? நடக்க விடுங்கள். நாளைக்கு ஆஸ்பத்திரிச் செலவு உங்களுக்கும் மிச்சம்தானே?