ரோடு ஊருக்கு, ஆதாயம் யாருக்கு?

பாளையம்பட்டிக்கு ரோடு வேண்டாம் என்பார் எவரும் இல்லை. சாக்கடை வேண்டாம், குடிதண்ணீர்க் குழாய் வேண்டாம், தெருவிளக்கு வேண்டாம் என்பாரும் இல்லை. கரிசல் பூமி இது. நாலு தூறல் விழுந்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். நாற்பது நாள் காய்ந்தால் பாளம் பாளமாய் வெடிக்கும். விடியுமுன் எழுந்து அருப்புக்கோட்டை மில்லுக்கு ஷிப்டு வேலைக்குப் போகும் தோழருக்கும், தலையில் நூல் மூட்டையோடு தறிக்குத் திரும்பும் நெசவாளிக்கும் தார்ரோட்டின் அருமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரின் அருமையையோ, வைகையையும் தாமிரபரணியையும் எதிர்பார்த்துக் குடத்தை வரிசையில் வைக்கும் தாய்மார்கள் சொல்வார்கள்.

கேள்வி ஒன்றுதான். இதற்கெல்லாம் காசு கொடுப்பது யார்?

"பயன் பெறுபவன் கொடுக்கட்டும்!" என்கிறார்கள் நிர்வாகத்தார். நல்ல வாக்கு. நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஒப்புக்கொண்ட கையோடு திருப்பிக் கேட்கிறோம்: பயன் பெறுபவன் யார் ஐயா? கொஞ்சம் எங்களோடு தெருவுக்கு வந்து பாருங்கள்.

ஒரு தெரு. ஒரு கோடியில் பன்னிரண்டு அடி முகப்புள்ள ஓட்டு வீடு. சொந்த வீடுதான், ஆனால் பாதி இடத்தைத் தறி பிடித்துக்கொண்டது. அடுத்த வீட்டில் ஒற்றை அறையில் குடக்கூலிக்கு இருப்பவர் பஞ்சாலைத் தொழிலாளி. அதற்கும் அப்பால், நேற்றுவரை பருத்தி விளைந்த புன்செய், இன்று கல் ஊன்றி, வர்ணம் அடித்து, மனை மனையாய்ப் பிரிந்து கிடக்கிறது. மனைக்குச் சொந்தக்காரர் ஊரில் இல்லை. மதுரையிலோ சென்னையிலோ இருக்கிறார். இந்தத் தெருவுக்கு ரோடு வருகிறது. நெசவாளியின் காலில் சேறு ஒட்டவில்லை, அது அவர் பெற்ற பயன். தொழிலாளியின் சைக்கிள் டயர் இன்னும் ஆறு மாதம் தாங்கும், அது இவர் பெற்ற பயன். ஊரிலேயே இல்லாத அந்த மனைக்காரருக்கோ, தூங்கி எழுந்தபோது சென்ட் விலை ஏறியிருக்கிறது! ரோட்டைப் போட்டது ஊர். விலையை எண்ணிக்கொண்டது அவர்.

சரி, ரசீது யார் பெயரில் வருகிறது? வீட்டுக்காரர் பெயரில் வருகிறது. ஏனென்றால் ஊராட்சியில் வீட்டுவரி என்பது வீட்டின் மேல்தான் விழுகிறது. கூரை உண்டா, வரி உண்டு. கல் மட்டும் ஊன்றிய மனை கணக்குப் புத்தகத்தின் கண்ணில் படுவதில்லை. குடியிருப்பவனுக்குத் தண்டம், குடியிருக்காதவனுக்குச் சலுகை! வீட்டுக்காரர் கட்டிய காசு அவரோடு நிற்கிறதா? அடுத்த மாதமே குடக்கூலியில் நூறாய், இருநூறாய் ஏறி, ஒற்றை அறைத் தொழிலாளியின் தலையில் வந்து இறங்குகிறது.

நகராட்சியில் மட்டும் என்ன வாழ்கிறது? 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம், சொத்துவரி என்ற ஒரே பெயருக்குள் பொது வரி, தண்ணீர்-சாக்கடை வரி, விளக்கு வரி என்று கூறு பிரித்தது. வருஷத்துக்கு என்ன வாடகை வரும் என்று மதிப்புப் போட்டு வரி விதித்தார்கள். அந்தச் சட்டத்தின் இடத்தில் 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. காலிமனைக்கும் வரி உண்டு என்று நகராட்சிச் சட்டம் சொல்லாமல் இல்லை. ஆனால் பெரும்பாலும் அந்த வரி நினைவுக்கு வருவது எப்போது? மனையை வாங்கிய ஏழை, வீடு கட்ட அனுமதி கேட்டுப் படி ஏறும்போது!

வரி என்றாலே நம் மக்களுக்குக் கசப்பு என்று சொல்வோருக்கு ஒரு வார்த்தை. 1948ஆம் ஆண்டின் நூலகச் சட்டத்தின்படி வீட்டுவரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலாகிறது. ரூபாய்க்குப் பத்துக் காசு. அதை எதிர்த்து எந்தத் தொழிலாளியாவது கொடி பிடித்ததுண்டா? இல்லை. படிப்பகத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகையை விரித்தால் தான் கொடுத்த காசு கண்முன் தெரிகிறது. தெரியும் காசுக்கு முணுமுணுப்பு இல்லை.

ஆலந்தூர்க் கதையும் அதையே சொல்கிறது. சென்னையை ஒட்டிய ஆலந்தூர் அப்போது தனி நகராட்சி. 2011இல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது. பாதாளச் சாக்கடை இல்லாமல் வீட்டுக்கு வீடு கழிவுநீர்த் தொட்டியும் லாரியுமாய் நாறிக்கிடந்த ஊர். 1996இல் நகர்மன்றத் தலைவராய் வந்த ஆர்.எஸ். பாரதி காலத்தில் திட்டம் உருவாயிற்று. ஏறத்தாழ 34 கோடி ரூபாய் வேலை. கடனும் மானியமும் ஒரு பக்கம். மறுபக்கம் பொதுமக்களே முன்பணம் கட்டுவதென்று முடிவு. வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய், கடை நிறுவனங்களுக்கு 10,000 ரூபாய். சாக்கடைக்கா ஐயாயிரம் என்று முதலில் முகம் சுளித்தவர்கள் பலர். குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டி, தெருத்தெருவாய்க் கணக்கை விளக்கிப் பேசினார்கள். குழாய் மண்ணுக்குள் இறங்குமுன்பே மக்கள் பணம் கட்டினார்கள்! நாட்டில் வேறு எந்தச் சிறு நகரமும் அதுவரை துணியாத காரியம் என்று பின்னால் நிபுணர்கள் வந்து எழுதிக்கொண்டு போனார்கள்.

பாராட்டுகிறோம். பாராட்டிய வாயாலேயே ஒரு குறையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு அறை வீட்டுக்கும் ஐயாயிரம், இரண்டு மாடி பங்களாவுக்கும் ஐயாயிரம் என்றால், அது சமம் போலத் தெரியும் சமமின்மை. ஒருவருக்கு அது ஒரு மாத மின்கட்டணம், இன்னொருவருக்கு மனைவியின் தாலிக்கொடி.

இன்று பாளையம்பட்டி போன்ற ஊராட்சிகளின் முன்னால் இதே கணக்குத்தான் வேறு வேஷத்தில் நிற்கிறது. 2019 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்த ஜல் ஜீவன் திட்டம், ஊருக்குள் நடக்கும் குடிநீர் வேலையின் செலவில் நூற்றுக்குப் பத்தை ஊர் மக்கள் தர வேண்டும் என்றது. தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் பாதிக்கு மேல் வாழும் ஊர்களில் நூற்றுக்கு ஐந்து. பணமாகத் தரலாம், பொருளாகத் தரலாம், உழைப்பாகவும் தரலாம். மாநில அரசின் 'நமக்கு நாமே' திட்டமும் 1997-98இல் பிறந்தபோது மக்கள் பங்கு என்ற கால்மேல்தான் நின்றது. 2021இல் திரும்ப வந்தபோது மூன்றில் ஒரு பங்கு மக்கள் தர வேண்டும் என்றது. பங்கு கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்தப் பத்தை ஊருக்குள் எப்படிப் பிரிப்பது? வீட்டுக்கு இவ்வளவு என்று தலை எண்ணிப் பிரிப்பதுதான் சுலபம். சுலபமான கணக்கு நியாயமான கணக்கு ஆகிவிடுமா?

கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஒரு தெரு; இரு பக்கமும் சேர்த்து 1,000 அடி முகப்பு. பன்னிரண்டு அடி வீடுகள் 50. அது 600 அடி. மீதி 400 அடி, ஒருவருக்கே சொந்தமான காலி மனைகள். தெருவார் பங்கு ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக் கணக்கில் பிரித்தால் ஒவ்வொரு நெசவாளியும் 2,000 ரூபாய், மனைக்காரர் சுழியம்! முகப்பு அடிக்கு நூறு ரூபாய் என்று பிரித்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் 1,200, மனைக்காரருக்கு 40,000. அதே ரோடு, அதே ஒரு லட்சம். கோல் மாறியது, நியாயமும் இடம் மாறியது.

இது நாம் இங்கே உட்கார்ந்து கண்டுபிடித்த புதுமை அல்ல. அமெரிக்காவின் சிற்றூர்கள் நடைபாதைக்கும் சாக்கடைக்கும் முகப்படிக் கணக்கில்தான் நெடுங்காலம் வசூலித்து வந்தன. அதிலும் அக்கிரமம் நுழைந்ததுண்டு. ஒஹாயோ மாகாணத்தில் நார்வுட் என்ற சிறு ஊர். பேக்கர் என்ற அம்மாளின் நிலத்தின் ஊடே ரோடு போட்டார்கள். நிலத்துக்கு 2,000 டாலர் நஷ்டஈடு கொடுத்தார்கள். கொடுத்தார்களா? ஒரு கையால் கொடுத்ததை, 'ரோட்டால் உன் மிச்ச நிலத்துக்கு மதிப்பு கூடிற்று' என்று சொல்லி, வழக்குச் செலவையும் சேர்த்து, அந்த அம்மாளிடமே மறு கையால் வரியாகக் கேட்டார்கள்! 1898இல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு தடுத்தது. கிடைத்த பயனுக்கு மிகுதியாக வசூலித்தால் அது வரியல்ல, பறிப்பு என்பதே தீர்ப்பின் சாரம்.

நிலத்தின் விலை தானாக ஏறினால் அந்த ஏற்றத்தில் ஐந்தில் ஒரு பங்கு பொதுவுக்கு என்று 1909இல் இங்கிலாந்தின் நிதி மந்திரி லாய்டு ஜார்ஜ் பட்ஜெட்டில் எழுதினார். பிரபுக்கள் கொதித்தெழுந்தார்கள், பட்ஜெட்டையே தூக்கி எறிந்தார்கள், முடிவில் 1911இல் பிரபுக்கள் சபையின் பல்தான் பிடுங்கப்பட்டது. ஆனால் அந்த வரியும் நிலைக்கவில்லை. ஒவ்வொரு நிலத்துக்கும் பழைய விலை என்ன, புதிய விலை என்ன என்று மதிப்புப் போடும் செலவே வசூலை விழுங்கிற்று, 1920இல் கைவிட்டார்கள். அதனால்தான் சொல்கிறோம்: மதிப்பு நிபுணர் வேண்டாம், அளவு நாடா போதும்.

வரி கேட்கும் நேரமும் முக்கியம். சென்னை ராஜ்யத்தில் 1955இல் பாசன மேம்பாட்டு வரிக்குச் சட்டம் செய்தார்கள். பஞ்சாபில் பக்ரா கால்வாய்ச் செலவை மேம்பாட்டு வரியாக விவசாயிகளிடம் கேட்டபோது, 1959இல் கிராமங்கள் எழுந்தன. சிறை சென்றோர் ஆயிரக்கணக்கானோர்; குண்டுக்குப் பலியானோரும் உண்டு. விளைச்சல் வீட்டுக்கு வருமுன் வரி வாசலுக்கு வந்து நின்றால், சின்ன விவசாயி எதை விற்றுக் கட்டுவான்?

பஞ்சாபுக்குப் போவானேன்? நம் வீட்டுக் கதையே இருக்கிறது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டது. 2017 மே மாதம் வரன்முறைத் திட்டம் வந்தது. மனைப்பிரிவு போட்டவரும் விண்ணப்பிக்கலாம், மனை வாங்கியவரும் விண்ணப்பிக்கலாம் என்றது விதி. போட்டவர்தான் விற்ற காசை எண்ணிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டாரே! சீட்டுப் போட்டு, நகை வைத்து, இரண்டே முக்கால் சென்ட் வாங்கிய தொழிலாளிதான் வரன்முறைக் கட்டணமும் வளர்ச்சிக் கட்டணமும் கட்டினார். வளர்ச்சிக் கட்டணம்! பெயர் எவ்வளவு இனிப்பு! கட்டணத்தைக் கட்டிவிட்டு, வளர்ச்சி வந்துவிட்டதா என்று இன்னும் மண்பாதையையே பார்த்துக்கொண்டிருப்போர் எத்தனை பேர்!

பாளையம்பட்டிக்கு இதில் தனிக் கவலை உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதை நகரம் என்று எழுதுகிறது, நிர்வாகமோ ஊராட்சி. பக்கத்திலேயே அருப்புக்கோட்டை நகராட்சி. மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நாற்கரச் சாலை வந்ததிலிருந்து இந்த வட்டாரத்துப் புன்செய்களின் மேல் எத்தனை கண்! பல ஊராட்சிகளை அண்டை நகரங்களோடு இணைக்கும் அறிவிப்பு 2025 ஜனவரியில் வந்தபோது, தமிழகத்தில் எத்தனையோ ஊர்களில் மக்கள் திரண்டு மறுத்தார்கள். வரி ஏறும், ஊரக வேலைத் திட்டக் கூலி போகும் என்ற அச்சம் அவர்களுக்கு. அச்சம் வீணானதல்ல. இணைப்பு என்றைக்கு வந்தாலும் வராவிட்டாலும், முகப்புக் கணக்கை இன்றைக்கே தீர்மானமாக எழுதி வைத்துக்கொள்ளும் ஊருக்கு நாளைக்குப் பேசுவதற்கு ஓர் ஆதாரம் கையில் இருக்கும்.

ஏழைக்குக் குறைவு, பெரியவருக்கு மிகுதி என்பது நடக்காத காரியம் என்று யாரேனும் சொன்னால், 2022 ஏப்ரலில் நகரங்களுக்கு வந்த சொத்துவரி உயர்வை எடுத்துக் காட்டுங்கள். சென்னையின் பழைய பகுதிகளுக்கு வேறு கணக்கு. மற்ற நகரங்களில் 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு நூற்றுக்கு 25, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. உயர்வின் பாரம் பற்றி நமக்குச் சண்டை உண்டு. அது வேறு நாள் பேச்சு. ஆனால் தட்டுப் பிரிக்க முடியும் என்பதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது அல்லவா? வீட்டுவரியில் பிரிக்கத் தெரிந்த கை, சாக்கடை முன்பணத்தில் மட்டும் ஏன் நடுங்க வேண்டும்?

விருதுநகர் மாவட்ட ஊராட்சிகளில் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர் கைக்குப் போனது. நாற்காலியில் இருப்பவர் யாராயினும் கிராமசபை நம்முடையது. வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தோழர்கள் பந்தலின் ஓரத்தில் நின்றுவிட்டுத் திரும்பாமல், முன்வரிசையில் உட்கார வேண்டும். எந்தத் தெருவுக்கு என்ன வேலை, மொத்தச் செலவு என்ன, மக்கள் பங்கு என்ன, அதை எந்தக் கோலால் அளந்தார்கள் என்று கேட்க வேண்டும். தவணை கேளுங்கள். வசூலான பணம் தனிக் கணக்கில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒற்றை அறையில் குடக்கூலிக்கு இருப்பவர் வாய் திறக்கத் தயங்குவார். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார் அல்லவா? அவருக்காக நம் தோழர் எழுந்து நிற்கட்டும்.

தெருவின் பட்டியல் வாசிக்கப்படும்போது காது கொடுத்துக் கேளுங்கள். ஓட்டு வீட்டின் கதவிலக்கம் வரும். தறி வீட்டின் கதவிலக்கம் வரும். கல் ஊன்றிய அந்த மனைகளின் சர்வே எண் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால், அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதை வாசிக்கச் சொல்லி, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.