கூடைப்பந்தாட்டத்தில் இருவர் ஆட்டத்தின் இடம்

நம் பாடசாலைகளில் கூடைப்பந்தாட்டம் பயிற்றப்படும் முறை குறித்து, இவ்விழா மலரின் வாயிலாகப் பழைய மாணவர், ஆசிரியர், மாணவர் ஆகிய முத்திறத்தார் முன்னும் ஒரு கருத்தினை வைக்க விரும்புகின்றேன். ஒரு வளையத்தின் கீழே, ஒரு பந்தோடு, இருவர் மட்டும் எதிரெதிர் நின்று ஆடும் ஆட்டத்தை நாம் வெறும் பொழுதுபோக்கென எண்ணி ஒதுக்கி வருகின்றோம். அவ்விருவர் ஆட்டமே இளைஞனின் ஆட்டத்திறனுக்கு அடித்தளமாவது என்பது என் துணிபு. அடித்தளம் மட்டுமே வீடு ஆகாது என்பதையும் உடன் கூறுதல் வேண்டும்.

இதனை மறுப்போர் கூறும் நியாயம் எளிதிற் தள்ளத்தக்கதன்று. 1891ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே, அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் பீச்சுப் பழக் கூடைகள் இரண்டினைப் பத்தடி உயரத்தில் அறைந்து இவ்விளையாட்டைத் தொடக்கிவைத்தபோது, பக்கத்துக்கு ஒன்பதின்மராகவே மாணவர் ஆடினர். ஆகவே இது பிறப்பிலேயே அணியாட்டம். அணியாகவே பழகுதல் வேண்டும் என்பர். ஆட்டத்தின் முடிவான நோக்கத்தைப் பற்றி அவர் கூறுவது உண்மையே. ஆனால், பயிலும் வழியும் முடிவான நோக்கமும் ஒன்றல்ல.

சிறிது கணக்குப் பார்ப்போம். முழு ஆட்டம் ஒன்றின் நேரம் 40 நிமிடம், களத்தில் நிற்போர் பதின்மர், பந்தோ ஒன்று. அனைவருக்கும் சமமாகப் பங்கிட்டாலும், ஒருவன் கையில் பந்து இருப்பது நான்கு நிமிடத்துக்கு மேற்படாது. பந்து வானில் பறக்கும் நேரத்தைக் கழித்தால் அதுவும் குறையும். மேலும், சமபங்கு என்பது மைதானத்தில் நிகழ்வதில்லை. உயர்ந்தவனும் முன்னரே பழகியவனும் பந்தைப் பெறுகின்றனர். பதின்மூன்று வயதிலும் உடல் வளராத சிறுவன் களத்தின் இருபுறமும் ஓடிக் களைத்து, பந்தை நன்கு தொடாமலே வீடு திரும்புகின்றான். சில மாதங்களில் அவன் வருவதையே நிறுத்திவிடுகின்றான். அவனை இழந்தோம் என்பதைக்கூட நாம் அறிவதில்லை. இருவர் ஆட்டத்திலோ 20 நிமிடத்தில் ஏறத்தாழப் பாதி நேரம் பந்து அவனுடையது. மறுபாதி நேரம் தடுப்பது அவன் கடமை. ஒளிந்து நிற்க அங்கு இடமில்லை.

வரிசையாகத் தடிகளை நாட்டி, அவற்றைச் சுற்றிப் பந்தைத் தட்டிச் செல்லும் பயிற்சி பல பாடசாலைகளில் உண்டு. அது கைக்குப் பழக்கம் தரும். கண்ணுக்கும் கருத்துக்கும் தராது. தடி அசைவதில்லை; ஏமாறுவதுமில்லை. எதிரே மனிதன் நிற்கும்போதுதான், அவன் எந்தக் காலில் உடற்பாரத்தை வைத்திருக்கின்றான், எப்போது நிலை தளர்கின்றான், எப்போது தான் நின்று எறியலாம் என்பன விளங்கும். வலக்கையை மட்டும் நம்புபவன் இரண்டு முறை தடுக்கப்பட்டதும் இடக்கையைத் தேடுவான். ஆசிரியர் நூறு முறை கூறியும் ஏறாத பாடம், எதிராளி ஒருவன் வழிமறித்தவுடன் ஏறிவிடுகின்றது.

இதற்கு உலகறிந்த சான்று மைக்கேல் ஜோர்டன். வட கரோலினா மாநிலத்து வில்மிங்டன் நகரிலே, தம் வீட்டுப் பின்முற்றத்தில், ஒரு வயதளவே மூத்த தமையனாரோடு அவர் நாள்தோறும் மோதினார், நெடுங்காலம் தோற்றார். 1978ஆம் ஆண்டில் அவர் பயின்ற பாடசாலையின் முதலாம் அணியிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை; இரண்டாம் அணியிலேயே ஆடினார். அப்போது அவர் உயரம் ஏறத்தாழ 5 அடி 10 அங்குலம். பின்னர் அவர் 6 அடி 6 அங்குலமாக வளர்ந்தார். உயரம் வந்தபோது, அதனைப் பயன்படுத்தும் வித்தை முற்றத்திலே முன்னரே கைவந்திருந்தது. பதினைந்து வயதில் உயரம் பார்த்து ஒருவனை ஒதுக்குதல் எத்துணைப் பிழை என்பதும் இதனால் விளங்கும்.

நிற்க, இதன் எல்லையையும் அவர் வரலாறே காட்டுகின்றது. 1986-87 பருவத்திலே ஆட்டமொன்றுக்குச் சராசரி 37.1 புள்ளிகள் பெற்று அவர் முதல்வராக விளங்கினார். எனினும், அவருடைய சிக்காகோ அணி இறுதிச் சுற்றுத் தொடரின் முதற் கட்டத்திலேயே பொஸ்ரன் அணியிடம் ஓர் ஆட்டத்தையேனும் வெல்லாது வெளியேறியது. பந்தைத் தோழரோடு பகிரும் ஒழுங்கு அமைந்த பின்னரே, 1991இல் முதற் கிண்ணம் கிட்டியது. தனித்திறன் இன்றி அணி இல்லை. தனித்திறன் மட்டும் அணி ஆவதுமில்லை.

ஆகவே, இருவர் ஆட்டத்துக்குச் சில விதிகள் வேண்டும். பந்தை மூன்று முறைக்கு மேல் நிலத்தில் தட்டலாகாது. அப்போது வீண் அலங்காரம் ஒழியும். கூடை போட்டவனே மீண்டும் பந்தைப் பெறும் தெரு வழக்கத்தை விடுத்து, தோற்றவனுக்குப் பந்தைக் கொடுத்தல் வேண்டும். இன்றேல் மெலியவன் என்றும் தடுப்பவனாகவே நிற்பான். ஐந்து கூடையில் ஆட்டத்தை முடித்து எதிராளியை மாற்றுதல் வேண்டும். தவறுகளை ஆடுவோரே ஒப்புக்கொள்ளப் பழகுதல் வேண்டும். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்குச் சிறு பந்தும், 3.05 மீற்றருக்குப் பதிலாக 2.60 மீற்றர் உயரத்து வளையமும் ஏற்றவை. இதிற் தேறியவரை மூவர் ஆட்டத்துக்கும், அதன்பின் ஐவர் ஆட்டத்துக்கும் உயர்த்துக. மூவர் ஆட்டம் 2021இல் தோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் விழாவிலேயே இடம்பெற்றுவிட்டது. அதனைத் தாழ்வாக எண்ணுவதற்கு இனி இடமில்லை.

இறுதியாகப் பழைய மாணவருக்கு ஒரு விண்ணப்பம். விழாக் காலங்களில் நாம் கிண்ணங்களும் கேடயங்களும் வழங்குகின்றோம். அவை வென்ற சிலரைச் சென்றடைகின்றன. ஒரு சுவரின் பக்கத்தே சிறிது சீமெந்துத் தளமும், ஒரு பலகையும், ஒரு வளையமும் அமைத்தால், அவை இன்னும் வெல்லாத பலரைச் சென்றடையும். அத்தகைய வளையங்கள் நான்கு அமையுமாயின் எண்மர் ஒரே வேளையில் ஆடலாம். தனியார் வகுப்புகள் மாணவரின் மாலைப்பொழுதை விழுங்கும் இந்நாளில், பாடசாலை வாயிலை இன்னும் ஒரு மணி நேரம் திறந்து வைக்க அதிபரும், முறைவைத்து மேற்பார்வை செய்யப் பழைய மாணவரும் முன்வருதல் வேண்டும். அணிக்குத் தெரிவாகாத சிறுவனும் பந்தோடு வந்து தன் தோழனை அறைகூவி அழைக்க ஓரிடம் இருத்தல் வேண்டும். நாளைய அணித்தலைவன் அவர்களுள் ஒருவனாக இருத்தல் கூடும்.