வறுமைக்கு விதிக்கப்படும் தண்டனை

சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை. குற்றஞ்சாட்டப்பட்டோர் எவரும் நேரிலோ சட்டத்தரணி மூலமோ தம் பக்க நியாயத்தை எடுத்துரைக்கலாம் என்கிறது 13ஆம் உறுப்புரை. ஆயின், அச்சட்டத்தரணிக்குக் கட்டணம் கொடுப்பவர் யார்? அரசியலமைப்பு இங்கே மௌனம் சாதிக்கின்றது.

மேல் நீதிமன்றத்தில் விசாரிக்கப்படும் வறியவனுக்கு அரச செலவிற் சட்டத்தரணி நியமிக்கப்படுகிறார். ஏழைகள் நாளாந்தம் குவியும் நீதவான் நீதிமன்றத்திலோ அத்தகைய கடப்பாடு இல்லை. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழுவை அவனே நாடிச் செல்லவேண்டும். அவ்வாறொன்று உண்டென்பதையே அறியாத கூலித் தொழிலாளி, கசிப்பு வழக்கிற் கூண்டேறிக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். தண்டப்பணம் கட்ட வழியின்றிச் சிறை புகுகிறான். அதே குற்றத்தைப் புரிந்த பணம் படைத்தவன் அன்று மாலையே வீடு திரும்புகிறான். தண்டனை பெற்றுச் சிறை செல்வோரிற் பெரும்பான்மையோர் தண்டப்பணம் செலுத்த இயலாதோரே என்பதைச் சிறைச்சாலைத் திணைக்களத்தின் புள்ளிவிபரங்கள் பல ஆண்டுகளாகக் காட்டி வந்துள்ளன. தவணைமுறையிற் செலுத்த அனுமதிக்கும் அதிகாரம் 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் உண்டு. அதனைக் கேட்டுப் பெறுதற்கு ஒரு நா வேண்டுமே!

‘மீண்டும் மீண்டும் குற்றம் புரிவோனுக்கு மக்கள் வரிப்பணத்திற் சட்டத்தரணியா?’ எனச் சிலர் வினவுவர். நேற்றைய குற்றம் இன்றைய குற்றச்சாட்டுக்குச் சான்றாகாது. முற்குற்றம் தண்டனையைக் கூட்டுமாதலால், சட்டத்தரணியின் தேவை அவனுக்கே மிகுதி. மேலும், தண்டப்பணத்துக்காகச் சிறையிலிருந்த நாட்களில் வேலை இழந்து, கடன்பட்டு வெளிவருபவனை மறுபடி குற்றத்தின்பாற் தள்ளுவது யார்? மீண்டும் நோயுற்றான் என்பதற்காக வைத்தியசாலையின் கதவை எவரேனும் அடைப்பரா?

அமெரிக்காவின் கிளாரன்ஸ் கிடியன் பலமுறை சிறை கண்டவர். 1961இற் சட்டத்தரணியின்றி விசாரிக்கப்பட்டு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 1963இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அவரது உரிமையை ஏற்றது. சட்டத்தரணியுடன் நடந்த மறுவிசாரணையில் அவர் விடுதலையானார். அவரது கடந்தகாலத்தைக் காட்டி உதவி மறுக்கப்பட்டிருப்பின், அன்று நீதியே தோற்றிருக்கும்.

இலங்கை 1980இல் இணைந்த குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை, இலவச சட்ட உதவிக்கு இரண்டு அளவுகோல்களையே கூறுகின்றது: வசதியின்மை, நீதியின் தேவை. நன்னடத்தைச் சான்றிதழை அது கோரவில்லை. எனவே, தண்டப்பணம் விதிக்குமுன் வருவாயை விசாரித்தலும், அதைச் செலுத்தாமைக்காக எவரையும் சிறைக்கு அனுப்புமுன் சட்டத்தரணியை அளித்தலும் நீதிமன்றத்தின் கட்டாயக் கடமைகளாக வேண்டும். இது இரந்து பெறும் சலுகையன்று, உரிமை.