ஊருக்கு வரும் போன், ஊரை விட்டுப் போகும் போன்



செம்மங்குப்பத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “அமெரிக்காவிலிருந்து அண்ணன் மகன் கொண்டுவந்து கொடுத்த போனில் நெட் ஓடுகிறது, யாரிடமும் பேசத்தான் முடியவில்லை. அந்தக் காலத்தில் எங்க வீட்டுக்காரர் துபாயிலிருந்து வாங்கிவந்த போன் இறங்கிய அன்றே பேசியதே!” கடலூர், சிதம்பரம் பக்கம் வெளிநாட்டில் பிள்ளை இல்லாத தெரு குறைவு. அதனால் இந்தப் பக்கத்தை இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

துபாய் போன் பேசியதற்குக் காரணம் அலைவரிசை. 2ஜி காலத்தில் வளைகுடாவிலும் நம்மிடமும் 900, 1800 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவிலோ 850, 1900. இன்றைய போன்கள் பல அலைவரிசைகளைப் பிடிக்கும் என்பதால் அந்தத் தொல்லை குறைந்துவிட்டது. இப்போது சிக்கல் குரலில். 4ஜியில் பேச்சு வோல்ட்இ முறையில் போகிறது. வெளிநாட்டு மாடலுக்கு நம் நிறுவனம் அதைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் போன் 2ஜிக்கு இறங்கிப் பேசும். 2ஜியே வைத்திராத ஜியோவில் அதற்கும் வழியில்லை. அம்மா, போனை அப்டேட் செய்து, செட்டிங்கில் வோல்ட்இ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 2ஜி உள்ள நிறுவனத்தின் சிம்மைப் போட்டுப் பாருங்கள். போனைக் குறை சொல்ல வேண்டாம்.

வாங்கி அனுப்பும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. தவணையில் எடுத்த அமெரிக்க போன் பெரும்பாலும் அந்த நிறுவனத்துக்கே பூட்டப்பட்டிருக்கும். கடனை அடைத்து, பூட்டை எடுக்கச் சொல்லிவிட்டு அனுப்புங்கள். அங்கே விற்கும் ஐபோன் 14 முதலான மாடல்களில் சிம் போடும் இடமே கிடையாது, இ-சிம் மட்டும்தான்.

எனக்கு அதிகக் கவலை, இங்கிருந்து போகிறவர்களைப் பற்றித்தான். பேரப்பிள்ளையைப் பார்க்க சிங்கப்பூர் கிளம்பும் பாட்டியின் கையில் பழைய பட்டன் போன் இருக்கும். சிங்கப்பூரில் 2ஜியை 2017 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டார்கள். விமான நிலையத்தில் மகனைக் காணாமல் நிற்கும் நேரத்தில் அந்தப் போன் எதற்கும் உதவாது. 4ஜி போன் ஒன்றைக் கொடுத்து, கிளம்பும் முன்பே ரோமிங்கைத் திறந்து, கட்டணத்தையும் கேட்டுவையுங்கள். மகனின் எண்ணை ஒரு தாளில் எழுதி, கைப்பையில் வைத்து அனுப்புங்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் ஊர் எண்ணை விட்டுவிடாதீர்கள். வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும். வெளிநாட்டு எண்ணுக்கும் ஓரளவு வழி உண்டு: 2023 ஜனவரியில் சிங்கப்பூர், அமீரகம், சவூதி, ஓமன், கத்தார் உள்ளிட்ட 10 நாடுகளின் எண்களை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளோடு இணைத்து யுபிஐ பயன்படுத்த அனுமதி வந்தது. மலேசியாவும் குவைத்தும் அப்போதைய பட்டியலில் இருக்கவில்லை. ப்ரீபெய்டு ஊர் எண்ணை 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் துண்டிக்கலாம் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் தருவார்கள். துண்டித்த எண் பிறகு வேறு ஒருவருக்குப் போய்விடும். உங்கள் வங்கிச் செய்திகளும் அவருக்கே போகும். கடலூரில் இருக்கும் தம்பியிடமோ தங்கையிடமோ ரீசார்ஜ் தேதியைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்